ப்ரொமீதியஸை எந்த வழியில் பார்ப்பது: நேராகவா, ஏலியனுக்கு அப்புறமா, வரிசையாகவா?

மாமா பையன் புது டீவி வாங்கியிருக்கிறான். 55 இன்ச். தவணைதான், பன்னிரண்டு மாசம், ஆனால் சுவரில் மாட்டிய அன்றைக்கே போன் பண்ணிவிட்டான். "அத்தான், இதுல முதல்ல என்ன படம் போடலாம்? கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, ஸ்பேஸ் படமா இருந்தா இன்னும் நல்லது." யோசிக்காமல் ப்ரொமீதியஸ் என்று சொல்லித் தொலைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான், அதற்குள் எங்கெங்கோ போய்ப் படித்துவிட்டு. "இது ஏலியன் படத்துக்கு முன்கதையாமே, அப்போ ஏலியனை முதல்ல பாக்கணுமா? இதுக்கு அடுத்த பார்ட் வேற இருக்காமே? பாதிப் பேரு காவியம்ங்கிறான், பாதிப் பேரு குப்பைங்கிறான், கடைசி வரைக்கும் ஒரு கேள்விக்கும் பதில் கிடையாதாம். எதைத்தான் நம்புறது?"

நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கதையைக் கொஞ்சம் உடைத்துத்தான் பேச வேண்டும், அது பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் நான் பார்த்த கதை. 2012 ஜூன், படம் வந்த முதல் வாரம், நாங்கள் ஐந்து பேர், இரவுக் காட்சி, 3டி கண்ணாடிக்குத் தனியாக டெபாசிட் வாங்கிய ஒரு தியேட்டர். கடைசியில் கதாநாயகி தப்பித்துக் கப்பல் மேலே கிளம்பியதும் படம் முடிந்தது என்று நினைத்து ஆபரேட்டர் விளக்கைப் போட்டுவிட்டார், கதவையும் திறந்துவிட்டார்கள். பாதிக் கூட்டம் எழுந்து நிற்கும்போதுதான் திரையில் அந்தக் கடைசிக் காட்சி ஓடுகிறது, செத்துக் கிடப்பவனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஏதோ ஒன்று வருகிறது, எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் தலையும் அதற்கு மேலே கொஞ்சம் பல்லும்தான். என்ன வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம், ஒன்றரை மணி வரை. ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் படம் பித்துப் பிடிக்க வைத்திருந்தது, இரண்டு பேர் கொந்தளித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவன் தூங்கியிருந்தான். வேடிக்கை என்னவென்றால் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "எதுக்குமே பதில் சொல்லலையே!" ஒருத்தன் அதைப் பூரித்துப் போய்ச் சொன்னான், இன்னொருத்தன் ஏமாந்து போய்ச் சொன்னான். உலகம் முழுக்கவும் அப்படித்தான் நடந்தது என்று பிறகு தெரிந்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நாலுக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தார், மனித இனம் எப்படி வந்தது என்ற கேள்வியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் வைத்திருக்காததே இந்தப் படத்தின் ஈர்ப்பு என்கிற அர்த்தத்தில் எழுதினார். அதே பதிலின்மையைத்தான் மற்றவர்கள் பிடித்து உலுக்கினார்கள். எழுத்தாளர்களில் ஒருவர் டேமன் லிண்டலாஃப், லாஸ்ட் தொடரை 2010இல் முடித்த விதத்துக்காக ஏற்கெனவே திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், அதனால் பழி முழுக்க அவர் தலையில் போய் விழுந்தது.

சரி, கதை என்ன? 2089இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு குகை ஓவியம் கிடைக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பழைய நாகரிகங்கள் பலவும் வரைந்து வைத்திருக்கும் அதே படம்: ஒரு பெரிய உருவம் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி நிற்கிறது. இது நம்மைப் படைத்தவர்கள் கொடுத்த அழைப்பு என்று எலிசபெத் ஷா என்ற ஆய்வாளர் நம்புகிறாள். வேலண்ட் என்ற கிழட்டுப் பணக்காரன் காசு போட, ப்ரொமீதியஸ் என்ற கப்பல் 2093இல் எல்வி-223 என்ற நிலாவில் போய் இறங்குகிறது. படைத்தவர்களுக்கு ஷா வைத்திருக்கும் பெயர் எஞ்சினியர். (தடுக்கி விழுந்தால் ஒரு எஞ்சினியர் மேல் விழுகிற ஊர்க்காரர்கள் நாம், அந்தப் பெயர் முதல் தடவை வந்தபோது தியேட்டரில் சிரிப்புக் கேட்டது.) போய்ப் பார்த்தால் உறக்கத்தில் கிடக்கும் ஒருவனைத் தவிர எஞ்சினியர்கள் எல்லாம் செத்துக் கிடக்கிறார்கள், செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது, பக்கத்தில் ஜாடி ஜாடியாகக் கறுப்புத் திரவம், அதைப் பூமிக்குக் கொண்டுபோய்க் கொட்டி நம்மை அழிக்கக் கிளம்பியவர்கள் கிளம்பும் முன்பே ஏதோ ஆகிச் செத்திருக்கிறார்கள். ஏன் படைத்தார்கள், ஏன் அழிக்க நினைத்தார்கள் என்று ஷா கேட்கிறாள். படம் முடிகிறது.

இப்போது டீவிக்காரனுக்கு முக்கியமான விஷயம், கண்ணுக்கு என்ன கிடைக்கும். இதில் சண்டையே இல்லை, திட்டுகிறவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வார்கள். முதல் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஐஸ்லாந்தில் டெட்டிஃபோஸ் என்று ஒரு அருவி, நம் குற்றாலம் மாதிரி போய்த் தலையைக் காட்டுகிற அருவி இல்லை, சாம்பல் நிறத் தண்ணீர் மலையையே அறுத்துக்கொண்டு விழுவது. அதன் விளிம்பில் சுண்ணாம்பு வெளுப்பில் ஒரு ஆள் நிற்கிறான், தலையில் மயிர் கிடையாது, உடம்பு கோயில் சிலை மாதிரி. மேலே மேகத்துக்குள் அவனை இறக்கிவிட்ட கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. கையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் உள்ளது கொதிக்கிற மாதிரி நெளிகிறது. குடிக்கிறான். தோலுக்கு அடியில் கறுப்பு நரம்புகள் ஓடுகின்றன, கை எலும்பு சடசடவென்று முறிகிறது, உடம்பு கரியாகி உதிர்ந்து அருவிக்குள் விழுகிறது, கேமரா அவன் ரத்தத்துக்குள்ளேயே போய் டிஎன்ஏ இழை அறுந்து போவதைக் காட்டுகிறது, பிறகு தண்ணீருக்குள் புது இழைகள் பிணைகின்றன. ஒரு வசனம் கிடையாது. இது பூமியா, எந்தக் காலம், தற்கொலையா, தண்டனையா, யாகமா, எதுவும் சொல்லப்படுவதில்லை. எனக்கு இந்த ஐந்து நிமிஷம் போதும், டிக்கெட் காசு அங்கேயே செரித்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. டேவிட் என்கிற மனித உருவ இயந்திரம் எஞ்சினியர்களின் கப்பலைக் கிளப்பும் முறையைக் கண்டுபிடிக்கும் காட்சி, இருட்டறை முழுக்க ஒளியாலான கோள்கள் சுழல, அவன் நடுவில் நின்று பூமியைக் கையில் ஏந்திப் பார்ப்பான், சின்னப் பையன் சோப்புக் குமிழியைப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் ஷா தனக்குத்தானே செய்துகொள்கிற அறுவை சிகிச்சை. மலடி என்று நினைத்திருந்தவள் வயிற்றில் பத்து மணி நேரக் கர்ப்பம், அது மனிதக் குழந்தை இல்லை. சிகிச்சை இயந்திரம் ஆண்களுக்கு மட்டும் என்று செட் பண்ணப்பட்டிருக்கிறது, பிரசவ அறுவை என்று கேட்டால் முடியாது என்கிறது, அவள் வலியில் துடித்தபடியே வயிற்றில் அந்நியப் பொருள் என்று மாற்றிப் போட்டு உள்ளே படுக்கிறாள். லேசர் கோடு போடுகிறது, உலோகக் கை உள்ளே இறங்கி எதையோ கவ்வித் தூக்குகிறது, அது நெளிகிறது, தொப்புள் கொடி இன்னும் அறுபடவில்லை. கடைசியில் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக் டக்கென்று வயிற்றை மூடுகிறது. மாமா பையனுக்கு ஒரு தனிக் குறிப்பு: உன் பெண்டாட்டி ஏழு மாசம், அவளை உட்கார வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் போடாதே.

இந்தக் காட்சிகள் கம்ப்யூட்டர் மினுமினுப்பாக இல்லாமல் கனத்தோடு தெரிவதற்குக் காரணம், இயக்குநர் ரிட்லி ஸ்காட் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் அந்தக் குகைகளையும் கப்பல் அறைகளையும் நிஜமாகவே பிரம்மாண்டமாகக் கட்டி எடுத்தார். 3டியை எடுத்த பிறகு ஒட்டவும் இல்லை, 3டி கேமராவிலேயே எடுத்தது, ஒளிப்பதிவு டாரியஸ் வோல்ஸ்கி. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, ஆனால் அந்த வருஷம் அதைத் தட்டிக்கொண்டு போனது நம்ம பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கிற லைஃப் ஆஃப் பை. புலியிடம் தோற்றதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, கேள்விகளுக்கு வருவோம், ஏனென்றால் எந்த வழியில் பார்ப்பது என்பது இதில்தான் தொங்குகிறது. இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாக் கேள்விகளையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள், நாங்களும் அன்றைக்கு டீக்கடையில் அதைத்தான் செய்தோம். பிரித்துப் பார்த்தால் இரண்டு சாதி.

ஒன்று, படத்தோடு கூடவே வீட்டுக்கு வருகிற கேள்வி. படைத்தவன் ஏன் அழிக்க நினைத்தான்? டேவிட் ஏன் அந்தத் திரவத்தில் ஒரு சொட்டை எடுத்து, ஷாவின் காதலனும் சக ஆய்வாளனுமான ஹாலோவேயின் மதுவில் கலந்தான், எஜமான் சொல்லியா, ஆர்வத்திலா, வன்மத்திலா? அதற்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். உங்கள் ஆட்கள் என்னை ஏன் உருவாக்கினார்கள் என்று டேவிட் கேட்பான். எங்களால் முடிந்தது, உருவாக்கினோம் என்று ஹாலோவே அலட்சியமாகச் சொல்வான். இதே பதிலை உங்களைப் படைத்தவனிடமிருந்து கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பான் டேவிட், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். மொத்தப் படமும் அந்த இடத்தில் இருக்கிறது என்பேன். படைத்தவனைத் தேடிப் போகிற மனிதன், தான் படைத்ததை வேலைக்காரனாக நடத்துகிறான். அதைப் பார்த்த பிறகு எஞ்சினியர்கள் ஏன் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டாம், பயம் தானாக வருகிறது. இரண்டாயிரம் வருஷம் என்ற கணக்கை வைத்து ஏசுவைச் சிலுவையில் அறைந்ததற்கான கோபம் என்று ஒரு கோஷ்டி சொல்லும். ஸ்காட்டே ஒரு பேட்டியில் ஏசுவை எஞ்சினியர்களின் தூதராக வைக்கலாமா என்று யோசித்ததாகவும், ரொம்ப வெளிச்சம் போட்டுக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். விட்டது புண்ணியம்.

டேவிட்டாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். எல்லோரும் வருஷக்கணக்கில் உறங்கிக்கொண்டிருக்க, டேவிட் மட்டும் தனியாகக் கப்பலில் சுற்றுகிறான், சைக்கிள் ஓட்டிக்கொண்டே கூடைக்குள் பந்து போடுகிறான், லாரன்ஸ் ஆஃப் அரேபியா பார்த்துவிட்டு அதில் வரும் பீட்டர் ஓடூல் மாதிரி தலைமுடியை மாற்றிக்கொள்கிறான். யாரும் பார்க்காதபோது ஒரு இயந்திரம் எதற்கு அழகுபடுத்திக்கொள்ள வேண்டும்? இதுவும் பதில் இல்லாத கேள்விதான், ஆனால் எவ்வளவு சுகமான கேள்வி.

இன்னொரு சாதி கேள்வி, வெறும் ஓட்டை. குகைச் சுரங்கப்பாதை முழுக்கத் தன் பறக்கும் கருவிகளை விட்டு வரைபடம் எடுக்கிறவன் ஃபைஃபீல்ட் என்கிற பாறை ஆய்வாளன், வழி தெரியாமல் தொலைந்து போகிறவனும் அவனேதான். மில்பர்ன் உயிரியலாளர், செத்து இரண்டாயிரம் வருஷமான உடம்பைப் பார்த்து நடுங்கி ஓடுகிறார், உயிரோடு படம் எடுத்து நிற்கிற பாம்பு மாதிரியான ஜந்துவைப் பார்த்ததும் செல்லம் கொஞ்சக் கையை நீட்டுகிறார். நம் ஊரில் மூணு வயசுக் குழந்தைகூட அதைச் செய்யாது. வேற்று நிலாவில் இறங்கி, காற்று நல்லாத்தான் இருக்கு என்று ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள், கிருமி என்று ஒன்று உண்டு என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு ரத்தமாக வந்து நிற்கிற ஷாவைப் பார்த்து என்னம்மா ஆச்சு என்று ஒரு ஆத்மா கேட்பதில்லை, அவளும் அடுத்த அரை மணி நேரத்துக்குத் தாவிக் குதிக்கிறாள். கறுப்புத் திரவம் ஒருவனைக் கரைக்கிறது, ஒருவனை நோயாளி ஆக்குகிறது, ஒருவனை வெறி பிடித்த பேயாக்குகிறது, புழுவைப் பாம்பாக்குகிறது, எப்போது எது நடக்கும் என்பது திரைக்கதை எழுதுகிறவருக்கு அன்றைக்கு என்ன தேவைப்பட்டது என்பதைப் பொறுத்தது. சக்கரம் மாதிரி உருண்டு வருகிற கப்பலுக்கு முன்னால் நடிகை சார்லீஸ் தெரோன் ஓடுகிற காட்சியைப் பற்றி இங்கே சொல்லவில்லை, அதை நீங்களே பாருங்கள்.

இந்த ஓட்டைகள் எப்படி வந்தன என்பதற்குக் காரணம் ஓரளவு தெரிந்ததுதான். ஜான் ஸ்பைட்ஸ் முதலில் எழுதியது நேரடியான ஏலியன் முன்கதை, முட்டை, முகத்தில் ஒட்டுகிற ஜந்து எல்லாம் இருந்தது. பிறகு லிண்டலாஃப் வந்து ஏலியன் சங்கதிகளைக் குறைத்து, படைத்தவன் படைப்பு என்ற பெரிய கேள்வியை முன்னால் கொண்டுவந்தார். இரண்டு கதையையும் சேர்த்துத் தைத்த தையல் வெளியே தெரிகிறது. தத்துவப் படத்துக்கு மெதுவாக யோசிக்கிற விஞ்ஞானிகள் வேண்டும், பேய்ப் படத்துக்கு ஒவ்வொருத்தராகச் சாவதற்கு முட்டாள்கள் வேண்டும், ஒரே ஆட்களை வைத்து இரண்டையும் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, என் கணக்கு இதுதான்: எந்த வழியில் பார்த்தால் முதல் சாதிக் கேள்விகள் பெரிதாகவும் இரண்டாம் சாதி சின்னதாகவும் தெரியுமோ அதுதான் நல்ல வழி.

வழி ஒன்று, எதையும் பார்க்காமல் நேராக ப்ரொமீதியஸ். இரண்டு மணி நேரம் நாலு நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. இதில் ஒரு நல்லது இருக்கிறது, ஏலியன் பைத்தியங்கள் பட்ட ஏமாற்றம் உனக்கு வராது. அவர்கள் 1979 படத்தில் பார்த்த அந்தப் பிரம்மாண்டமான எலும்புக்கூடு, நாற்காலியோடு நாற்காலியாகக் கல்லாய்ப் போன விமானி, நெஞ்சு உள்ளிருந்து வெளியே வெடித்திருக்கும், அது எப்படி அங்கே வந்தது என்று சொல்வார்கள் என்று காத்திருந்தார்கள். படம் நடப்பதோ வேறு நிலாவில். அங்கே எல்வி-426, இங்கே எல்வி-223. இங்கே எஞ்சினியர் சாவதும் நாற்காலியில் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் காத்திருந்தவனுக்கு விலாசம் மாறிப் போனால் கோபம் வராதா? உனக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. ஆனால் கெட்டதும் இருக்கிறது: அந்தக் கப்பலின் குதிரை லாட வடிவம், எலும்பும் குழாயுமாகப் பின்னிய சுவர்கள், கடைசி ஜந்து, இதையெல்லாம் பார்க்கும்போது உடம்பில் ஓடவேண்டிய சிலிர்ப்பு ஓடாது. கடைசிக் காட்சி உனக்கு வெறும் "இது என்ன பல்லி" என்றுதான் இருக்கும்.

வழி இரண்டு, ஏலியன் முதலில், ப்ரொமீதியஸ் பிறகு. நடுவில் ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான், காரணம் எலும்புக்கூட்டின் மர்மம் இல்லை. ஏலியன் ரொம்பச் சிக்கனமான படம். சரக்குக் கப்பல், ஏழு பேர், சம்பள போனஸைப் பற்றிச் சண்டை போடுகிற தொழிலாளிகள், உள்ளே ஒரு ஜந்து. அந்தக் கல்லாய்ப் போன விமானி யார் என்று ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அதனால்தான் அது மனசில் அப்படி ஒட்டிக்கொண்டது. ஸ்விட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகர் வரைந்த கோரக் கனவுகள் அப்படியே செட்டாக நிற்கும். பதில் சொல்லாமல் விடுவதை எப்படிச் செய்யவேண்டும் என்று அதே இயக்குநர் முன்பே செய்து காட்டியதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், எந்த இடத்தில் அதே கை வேலை செய்கிறது, எந்த இடத்தில் கை நடுங்கியிருக்கிறது என்று உனக்கே தெரியும், முட்டாள் விஞ்ஞானிகளைப் பார்த்து எரிச்சல் படுவதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவாய். நாற்காலி விஷயத்தில் ஏமாறாமல் இருக்க, நிலா வேறு என்பதை இப்போதே சொல்லிவிட்டேன், ஞாபகம் வைத்துக்கொள்.

வழி மூன்று, கதை நடக்கிற கால வரிசை. 2093 ப்ரொமீதியஸ், 2104 ஏலியன் கவனன்ட் (ப்ரொமீதியஸின் அடுத்த பார்ட்), 2122 ஏலியன். பட்டியல் போடுகிற ஆட்களுக்கு இது பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம். முதல் இரண்டு படத்தில் ஜந்துவின் பிறப்பு, வளர்ப்பு, ஜாதகம் எல்லாம் தெரிந்துகொண்டு ஏலியனுக்குப் போனால் அங்கே பயப்பட என்ன இருக்கிறது? ஏலியன் ஓடுவதே எதுவும் தெரியாத பயத்தில்தான்.

வழி நான்கு, ப்ரொமீதியஸ் முடித்த கையோடு 2017இல் வந்த ஏலியன் கவனன்ட். இதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். ப்ரொமீதியஸ் முடியும்போது ஷா, டேவிட்டின் துண்டான தலையைப் பையில் போட்டுக்கொண்டு எஞ்சினியர்களின் ஊருக்கே கிளம்புகிறாள், எனக்குப் பதில் வேண்டும் என்று. எவ்வளவு நல்ல முடிவு! கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கியவர்கள் எல்லாம் செத்து, புத்தாண்டு அன்றைக்கு ஒருத்தி மட்டும் மிஞ்சி, கழுத்தில் சிலுவையோடு கடவுளின் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாள். கவனன்ட் என்ன செய்தது? ஷாவைத் திரைக்கு வெளியிலேயே சாகடித்து மேஜையில் கிடத்தியது. எஞ்சினியர்களின் ஊர் மேல் டேவிட் அதே கறுப்புத் திரவத்தைக் கொட்டி மொத்தக் கூட்டத்தையும் ஒரே பிளாஷ்பேக்கில் முடித்தான். ஆக, ஏன் படைத்தாய் என்று கேட்க ஆளே இல்லை. படம் பதில் சொல்லவில்லை, பதில் தெரிந்தவர்களைக் கொன்றுவிட்டது. அதற்குப் பதிலாக யாரும் அவ்வளவாகக் கேட்காத கேள்விக்கு, அந்த ஜந்துவை யார் உருவாக்கினார்கள் என்பதற்கு, விடை கொடுத்தது.

நேர்மையாகச் சொன்னால் கவனன்ட்டில் முதல் காட்சி அபாரம், வெள்ளை வெளேரென்ற அறையில் வேலண்டும் புதிதாகப் பிறந்த டேவிட்டும் பேசுவது, நீங்கள் சாவீர்கள், நான் சாகமாட்டேன் என்று படைப்பு படைத்தவனிடம் அமைதியாகச் சொல்வது. அதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். இதில் இரட்டை வேடம் போட்டிருக்கும் ஃபாஸ்பெண்டர் ஃபாஸ்பெண்டருக்கே புல்லாங்குழல் கற்றுக்கொடுக்கிற காட்சியும் உண்டு, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இதில் எனக்குப் பழைய அனுபவம் வேறு உண்டு. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் ஹால் என்ற கம்ப்யூட்டர் ஏன் ஆட்களைக் கொன்றது என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். 1984இல் வந்த தொடர்ச்சியில், பயணத்தின் நிஜ நோக்கத்தை ஊழியர்களிடம் மறைக்கச் சொன்ன உத்தரவால் அது குழம்பிப் போனது என்று தெளிவாக விளக்கிவிட்டார்கள். நியாயமான விளக்கம், குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அப்புறம் அந்தச் சிவப்புக் கண்ணைப் பார்த்தால் பழைய நடுக்கம் வரவே இல்லை, யாரோ மேனேஜர் செய்த தப்பு என்றுதான் தோன்றியது. ஸ்காட்டுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, இவர் எடுத்த ப்ளேட் ரன்னரில் கதாநாயகன் டெக்கார்ட் மனிதனா இல்லையா என்று படம் பாட்டுக்கு விட்டிருக்க, ஆமாம் அவன் செயற்கை மனிதன்தான் என்று இவரே பேட்டியில் போட்டு உடைத்தார். நடித்த ஹாரிசன் ஃபோர்டோ மனிதன்தான் என்று ஸ்காட்டோடு வாதாடினார். அந்தச் சண்டையில் நான் ஃபோர்டு பக்கம்.

வழி ஐந்து என்று ஒன்றும் சொல்லவேண்டும், வெட்டி எடுக்கப்பட்ட காட்சிகள். ப்ளூ-ரே வட்டில் கொடுத்திருக்கிறார்கள். முதல் காட்சியில் இன்னும் சில எஞ்சினியர்கள் அங்கி போட்டுக்கொண்டு சடங்கு மாதிரி நிற்கிறார்கள். கடைசியில் விழித்தெழும் எஞ்சினியர் வாயைத் திறந்து பேசுகிறான். முதல் தடவை பார்ப்பதற்கு முன்னால் இதைத் தொடாதே. படத்தில் உள்ளபடி பார்த்தால், டேவிட் அவனிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்கிறான், நமக்கு சப்டைட்டில் கிடையாது, எஞ்சினியர் டேவிட்டின் தலையை ஒரு கணம் பாசமாகத் தடவுகிற மாதிரி தடவுகிறான், அடுத்த கணம் அதைப் பிய்த்து அதாலேயே வேலண்டை அடிக்கிறான். என்ன சொன்னான் டேவிட்? கிழவன் சொல்லச் சொன்னதையா, தன் மனதில் இருந்ததையா? அந்த மொழி சும்மா உளறல் இல்லை, ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியை அடிப்படையாக வைத்து மொழியியலாளர் அனில் பில்டூ அமைத்துக் கொடுத்தது. டேவிட் கப்பலில் தனியாகப் பாடம் படிக்கும்போது எதிரே தெரிகிற வாத்தியாரும் அவரேதான். அந்த வாக்கியத்தின் அர்த்தத்தை அவர் வெளியிலும் சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன்.

டீவி விஷயம்: படம் பாதிக்கு மேல் குகை இருட்டு. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் உன் மூஞ்சிதான் தெரியும். ராத்திரி, விளக்கை அணைத்து, அசைவை வழவழப்பாக்குகிற அந்த செட்டிங்கை மறக்காமல் நிறுத்திவிட்டு. கடையிலிருந்து வரும்போதே அது ஆனில் இருக்கும், படம் சீரியல் மாதிரி தெரியும்.

இதையெல்லாம் சுருக்கி வெள்ளிக்கிழமையே அவனுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை ஏலியன் பார்த்தான், "சூப்பர் அத்தான், அந்தப் பூனைக்கு ஒண்ணும் ஆகலைல்ல" என்று ஒரு மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து ப்ரொமீதியஸ். ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. எஞ்சினியரிடம் டேவிட் என்ன சொன்னான் என்று கேட்பான், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"அத்தான், கப்பல் நேரா உருண்டு வருதுல்ல, அந்தப் பொம்பள ஏன் சைடுல நகராம நேராவே ஓடுது?"